நமஸ்காரம் செய்த நாய்

எனக்குக் கோபம் மூக்கின்மேல் இருக்கும். கோயிலில் பூஜை செய்கிறவனுக்கு இது ஆகாது என்று சொல்லிச் சொல்லி என் மனைவி அலுத்துப்போனாள். கோபத்தில் நான் செய்த தப்புகள் எத்தனையோ. பலவற்றை மறந்தும்விட்டேன். ஒரு நாய் விஷயத்தில் செய்தது மட்டும் மறக்கமாட்டேன் என்கிறது.

எண்பதுகளின் நடுவில், தமிழ்நாட்டிலிருந்து மொரிஷியஸுக்குக் குருக்களாகப் போனேன். சென்ட்ர் டி ஃப்ளாக்கில் இறங்கி இன்னொரு பஸ் பிடித்தால் இருபது நிமிஷத்தில் கோயில் வந்துவிடும். முருகன் சன்னதி, சுற்றிலும் கரும்பு, கோயிலுக்குப் பின்னால் எங்களுக்கு ஒதுக்கிய இரண்டு அறை வீடு. ஊர்க்காரர்கள் சன்னதியில் நின்று பாடும் பாட்டெல்லாம் சுத்தமான தமிழ். பாடி முடித்து வெளியே வந்து செருப்பு மாட்டியதும் கிரியோல்தான். என் தமிழ் அவர்களுக்குப் பாதி புரியும், அவர்கள் கிரியோல் எனக்குப் பாதி புரியும். அந்தப் பாதியையும் இந்தப் பாதியையும் வைத்துக்கொண்டு நாங்கள் நன்றாகவே காலம் தள்ளினோம்.

நாய் ஒரு மழை நாளில் வந்தது. மடைப்பள்ளித் தாழ்வாரத்தில் ஒதுங்கியது, மழை விட்டும் போகவில்லை. மண் நிறம், ஒரு காது மடிந்திருக்கும். விரட்டுவதற்காக நான் "டேய்" என்று கத்துவேன். அது வாலை ஆட்டிக்கொண்டு வரும். கடைசியில் அதுவே அவன் பெயர் ஆகிவிட்டது. ஊர்க்குழந்தைகளும் ஏதோ இந்தியாவிலிருந்து வந்த உயர்ந்த பெயர் என்று நினைத்துக்கொண்டு மரியாதையாக "டேய்" என்று கூப்பிடுவார்கள். கோயிலில் நாய் கூடாது என்று நிர்வாகக் குழுவில் ஒருவர் முனகினார். பைரவருக்கு வாகனம் எது என்று கேட்டேன்.

உச்சிக்கால பூஜை முடிந்து நடை சாத்தியதும் பின்வாசல் கல்லில் உட்கார்ந்து அவனுக்குப் பிரசாதம் கொடுப்பேன். ஒரு உருண்டை சர்க்கரைப் பொங்கல், மிஞ்சினால் ஒரு வடை. மணி அடித்து ஓய்ந்ததுமே ஓடி வந்து கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவான். குழந்தை இல்லாத எங்களுக்கு அந்த ஐந்து நிமிஷம் எவ்வளவு பெரியது என்பதை நாங்கள் ஒருவரிடம் ஒருவர் சொல்லிக்கொண்டதில்லை.

பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும் அவன்மேல் உயிர். அவளும் தமிழ் வம்சம்தான், நான்கு தலைமுறைக்கு முன்னால் கப்பலில் வந்தவர்கள். அந்த வருடங்களில் ஊர்ப் பெண்களில் பாதிப்பேர் கரும்புக்காட்டை விட்டுவிட்டு ஸ்வெட்டர் பின்னும் தொழிற்சாலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். தொழிற்சாலையை அவர்கள் உசின் என்பார்கள். விடிந்ததும் உசின் பஸ் கோயில் வாசலில் வந்து நிற்கும். அவள் புருஷனுக்குக் கடற்கரையில் புதிதாகக் கட்டிய ஹோட்டல் ஒன்றின் சமையலறையில் வேலை. அங்கே மிஞ்சியதில் கொஞ்சம் பொட்டலமாக வீட்டுக்கு வரும், அதில் கொஞ்சம் மதில் தாண்டி நாய்க்கு வரும். எனக்குத் தெரியும், தெரியாததுபோல இருந்தேன். பூஜைக்காரன் வீட்டு நாய் மதிலுக்கு அந்தப் பக்கம் அசைவம், இந்தப் பக்கம் சைவம்.

புது வருஷம் பிறந்து இரண்டாம் நாள் அவன் வாந்தி எடுக்க ஆரம்பித்தான். மஞ்சள் மஞ்சளாக நுரை. தண்ணீர் வைத்தால் குடிப்பான், குடித்ததை வெளியே தள்ளுவான். வயிற்றைத் தொட்டால் என்னையே கடிக்க வந்தான். டாக்ஸி பிடித்து ஃப்ளாக்குக்குப் பக்கத்தில் இருந்த ஒரு கால்நடை வைத்தியரிடம் கொண்டு போனேன். கிழவர், ஒரு காலத்தில் கரும்புத் தோட்டத்து மாடுகளுக்கும் குதிரைகளுக்கும் வைத்தியம் பார்த்தவர். பிரெஞ்சு வாசனை அடிக்கும் ஆங்கிலம் பேசுவார். நாயின் கணையம் வீங்கியிருக்கிறது என்றார். கணையம் என்று ஒன்று இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். இரண்டு நாள் தன்னிடமே வைத்துப் பட்டினி போட்டு, தோலுக்கடியில் ஊசியால் உப்புநீர் ஏற்றினார். கொழுப்புச் சாப்பாடு இவனுக்கு விஷம் என்றார். பண்டிகை சமயத்தில் இப்படி நாய்கள் நிறைய வரும், கோழித்தோலும் சாஸேஜும் கொடுத்துக் கெடுக்கிறார்கள் என்று திட்டினார்.

அவர் சொன்னதில் கோழித்தோலும் சாஸேஜும் மட்டும்தான் என் காதில் விழுந்தது. மிச்சத்தை நான் கேட்கவில்லை, கேட்க வேண்டும் என்றும் தோன்றவில்லை.

அவனை வீட்டுக்குக் கொண்டுவந்த மறுநாள் காலை உசின் பஸ்ஸுக்காகப் பத்துப் பன்னிரண்டு பெண்கள் வாசலில் நின்றிருந்தார்கள். பக்கத்து வீட்டுப் பெண்ணும் நின்றிருந்தாள். நாய்க்கு எப்படி இருக்கிறது என்று கேட்க என்னை நோக்கி வந்தாள்.

"டேய் எப்படி, சாமி? லி மலாத் ஆங்கோர்?" என்றாள். இன்னும் உடம்பு சரியில்லையா என்று அர்த்தம்.

நான் வாய்க்கு வந்தபடி கத்தினேன். உன் வீட்டு மாமிசம்தான் அதைச் சாகடிக்கப் பார்த்தது என்றேன். இனிமேல் உன் கை பட்ட எதுவும் என் நாயின் வாயில் படக்கூடாது என்றேன். தமிழில்தான் கத்தினேன். ஆனால் 'உன் கை' என்று நான் விரல் நீட்டியது எல்லாருக்கும் புரிந்தது. அவள் முகத்தில் ஈயாடவில்லை. தன் இரண்டு கைகளையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். அப்புறம் பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள்.

உள்ளே வந்ததும் என் மனைவி, "ஏன்னா, நீங்க தினமும் வடை கொடுத்தேளே, அது எந்தக் கணக்கு?" என்று கேட்டாள். பகவானுக்குப் படைத்ததைப் போய் மாமிசத்தோடு சேர்த்துப் பேசுகிறாயே என்று அவள்மேலும் பாய்ந்தேன்.

இப்போது என் வைத்தியம் ஆரம்பமானது. குழைந்த சாதம், பாசிப்பருப்பு, அதன்மேல் இரண்டு கரண்டி நெய். உடம்பு இளைத்த பிள்ளைக்கு எங்கள் வீடுகளில் வேறு என்ன கொடுப்பார்கள்? காய்ச்சல் விட்டால் நெய், பிரசவம் ஆனால் நெய், பரீட்சை வந்தால் நெய். நெய் என்பது மருந்து, நெய் என்பது சுத்தம். கொழுப்பு என்றால் அது மாட்டிலும் ஆட்டிலும் தொங்கிக்கொண்டிருப்பது. டின்னில் வந்த நெய்யை உருக்கி ஊற்றும்போது எனக்குக் கொஞ்சமும் உறுத்தவில்லை. நாயும் நக்கி நக்கிச் சாப்பிட்டான். நாலு நாளில் எழுந்து நடந்தான். மதிலுக்கு அந்தப் பக்கம் கேட்கட்டும் என்றே, சைவம் பண்ணின வேலையைப் பார்த்தாயா என்று மனைவியிடம் உரக்கச் சொன்னேன்.

தைப்பூசக் காவடிக்குக் கொடி ஏறியது. அன்றிலிருந்து பத்து நாள் ஊரே விரதம். காரேம் என்பார்கள் அங்கே. எந்த வீட்டிலும் மீன் வாசனை வராது. கொடியேற்றத்தன்று விரதக்காரர்கள் வரிசையாக வந்து கையை நீட்ட, நான் மஞ்சள் நூலில் காப்புக் கட்டிவிட வேண்டும். காவடி முடிந்தபின் நானேதான் அவிழ்த்துவிட வேண்டும். அதற்குப் பிறகே அவர்கள் அசைவத்தைத் தொடுவார்கள். இருநூறு கைக்குமேல் கட்டினேன். பக்கத்து வீட்டுப் பெண்ணும் வரிசையில் வந்து கை நீட்டியிருக்கிறாள். நான் முகத்தைப் பார்க்காமலே கட்டி அனுப்பினேன்.

விரதத்தில் ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, மாலை தீபாராதனை சமயத்தில்தான் அந்த அதிசயம் நடந்தது. நாய் வெளிப்பிராகாரத்தில் சன்னதிக்கு நேராக வந்து நின்றான். முன்கால்கள் இரண்டையும் நீட்டித் தரையில் பதித்தான். மார்பைத் தரையில் வைத்தான். பின்பக்கம் மட்டும் தூக்கி நின்றது. தலையைக் கால்களுக்கு நடுவே வைத்து அப்படியே இருந்தான். யாரோ ஒரு அம்மாள் "முருகா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நாய் நமஸ்காரம் பண்ணுகிறது என்று கூட்டம் கூடிவிட்டது.

எனக்குப் பெருமை பிடிபடவில்லை. மறுநாளும் செய்தான். அதற்கு மறுநாள் இரண்டு தடவை செய்தான். அடுத்த ஊரிலிருந்து எல்லாம் பார்க்க வந்தார்கள். முனகிய நிர்வாகக் குழுக்காரரே தன் பேரப்பிள்ளைகளைக் கூட்டி வந்து காட்டினார். சும்மா பார்த்துவிட்டுப் போவார்களா? நமஸ்காரம் செய்த நாய்க்கு ஆளுக்கு ஒரு கவளம். விரத நாட்களில் மடைப்பள்ளியில் நெய்க்குப் பஞ்சம் கிடையாது. பொங்கல், கேசரி, தேங்காய்ப்பால் பாயசம். நானே கூட்டத்துக்கு நடுவில் நின்று, விரதமிருக்கிற ஊரில் நாயும் விரதம் என்று பேசினேன். என் வாழ்நாளில் இவ்வளவு முட்டாள்தனமாக நான் பேசியது இல்லை.

காவடியன்று அவனைக் கவனிக்க எனக்கு நேரம் இல்லை. மதியம் எல்லாரும் வாழையிலை முன்னால் உட்கார்ந்தபோது என் மனைவி மடைப்பள்ளிக்குப் பின்னாலிருந்து கூப்பிட்டாள். குரல் சரியாக இல்லை. அவன் கக்கூஸ் சுவர் ஓரமாகப் பக்கவாட்டில் கிடந்தான். ஈறு வெளுத்திருந்தது. கூப்பிட்டால் வால் நுனி மட்டும் அசைந்தது.

வைத்தியர் அவனை மேஜையில் கிடத்தி ஊசி போட்டுக்கொண்டே என்ன கொடுத்தாய் என்று கேட்டார். ஒரு துண்டு மாமிசம்கூடக் கொடுக்கவில்லை ஐயா, வெறும் பருப்பு சாதமும் நெய்யும்தான் என்றேன். அந்த நேரத்திலும் குரலில் ஒரு பெருமை இருந்தது, எனக்கே கேட்டது.

அவர் ஊசியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நெய் எதிலிருந்து வருகிறது?"

"பாலிலிருந்து."

"பாலில் எதிலிருந்து?"

அவரே சொன்னார். நெய் என்பது கொழுப்பைத் தவிர வேறு எதுவும் இல்லை, கோழித்தோலாவது பரவாயில்லை, அதில் கொஞ்சம் தண்ணீராவது இருக்கும் என்றார். அப்புறம், வலி எப்போது தொடங்கியது, முன்னங்காலை நீட்டிக் குனிந்து பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நின்றானா என்று கேட்டார். எப்படித் தெரியும் என்றேன். வயிற்றுவலி தாங்காத நாய் அப்படித்தான் நிற்கும் என்றார். எத்தனை நாளாக நின்றான் என்று மறுபடி கேட்டார். ஐந்து நாள் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. இரண்டு நாள் என்றேன்.

ஐந்து நாள் அவன் எங்கள் எல்லார் முன்னாலும் வலி, வலி என்று சொல்லியிருக்கிறான். நாங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு அவன் வாயில் நெய்யை ஊட்டியிருக்கிறோம். திரும்பி வரும் வழியில் டாக்ஸியின் பின்சீட்டில் அழுதேன். ஓட்டுநர் நாய் செத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு வண்டியை மெதுவாக ஓட்டினார்.

நான்காம் நாள் அவனைத் திருப்பிக் கொடுத்தார்கள். எலும்பும் தோலுமாக இருந்தான். வெறும் சோறு, நெய் கூடாது, எண்ணெய் கூடாது, தேங்காய் கூடாது. மூன்றாவது தடவை வந்தால் பிழைக்க மாட்டான், அப்போது என்னிடம் கொண்டு வந்து பிரயோஜனம் இல்லை என்று வைத்தியர் சொல்லி அனுப்பினார்.

ஊரில் எல்லாரும் கேட்டார்கள், நமஸ்காரம் செய்த நாய்க்கு என்ன ஆயிற்று என்று. கண் திருஷ்டி என்றேன். சட்டென்று வாயில் வந்த பொய், எல்லாருக்கும் பிடித்தும்போனது. கோயில் பிரசாதத்தைக் கொடுத்து நாயைச் சாகடிக்கப் பார்த்த குருக்கள் என்று எப்படிச் சொல்லிக்கொள்வது? மதிலுக்கு அந்தப் பக்கம் ஒருத்தி தன் கையால்தான் எல்லாம் வந்தது என்று நினைத்துக்கொண்டிருப்பாள் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். என் கோபத்தைவிட என் கோழைத்தனம் எனக்கு அதிக வெட்கம் தருகிறது.

இதற்கு நடுவே இன்னொரு தலைவலி. வெறும் சோற்றை அவன் சாப்பிட்டான். ஆனால் உச்சிக்கால மணி ஓய்ந்ததும் வழக்கம்போலப் பின்வாசல் கல்லுக்கு வந்துவிடுவான். என் கையைப் பார்ப்பான். கையில் எதுவும் இல்லை என்றால் கொஞ்ச நேரம் காத்திருப்பான், அப்புறம் மதிலைத் தாண்டிக் குதித்து ரோட்டுக்குப் போவான். முக்குக் கடையில் காத்தோ பிமா பொரிப்பார்கள். நம்ம ஊர் மசால்வடையின் தம்பி. உடைந்ததைக் கடைக்காரர் நாய்க்கு வீசுவார். அடுத்த வீட்டில் வெண்ணெய் தடவிய ரொட்டி. நமஸ்காரம் செய்த நாயாயிற்றே, யார் இல்லை என்பார்கள்? கட்டிப் போட்டோம். கயிற்றைக் கடித்தான், கழுத்தை அறுத்துக்கொண்டான், மணி ஓசை கேட்டதும் ஊளையிட்டான். கல்லிலேயே அவனுக்குத் திருப்தியாக ஏதாவது கிடைத்தால் ஒழிய அவனை நிறுத்த முடியாது என்று புரிந்தது. அந்த ஏதாவதில் கொழுப்பும் இருக்கக்கூடாது.

வெள்ளரிக்காய் நறுக்கிக் கொடுத்தேன். அதை உருட்டி விளையாடினான். வேலியெல்லாம் சௌசௌ காய்த்துக் கிடந்தது, வேகவைத்துக் கொடுத்தேன். வாயில் வாங்கி என் காலடியில் மெதுவாக வைத்தான், தப்பாக ஏதோ கொடுத்துவிட்டாய் என்று சொல்வதுபோல. காரட்டைத் தின்றான், தின்றுவிட்டு மதில் தாண்டினான். பொரி மூக்கில் ஒட்டிக்கொண்டது, தும்மினான். பூசணிக்காய் மட்டும் இரண்டு நாள் எடுபட்டது. எனக்கு நம்பிக்கை வந்து ஃப்ளாக் சந்தையில் பெரிய பூசணியாக ஒன்று தூக்கி வந்தேன். மூன்றாம் நாள் அதை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. மிச்சப் பூசணியை நாங்கள் ஒரு வாரம் கூட்டாகச் சாப்பிட்டோம்.

தோற்றுப்போய் வைத்தியரிடம் கேட்டேன். கோழியின் நெஞ்சுக்கறி, தோல் உரித்தது, எண்ணெய் இல்லாமல் வேகவைத்து, அடுப்பில் காயவைத்து, நகம் அளவு துண்டு. ஒரு நாளைக்கு ஐந்து. அதில் கொழுப்பு மிகக் குறைவு, வாசனை உண்டு, அவன் உன்னை விட்டுப் போகமாட்டான் என்றார். நான் கோயில் பூஜை செய்கிறவன் என்றேன். அது நாய்க்குத் தெரியாது என்றார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் சாதத்தை வடித்துக்கொண்டே, "நம்ம ஆத்து அடுப்புல அது ஆகாது. செய்யக்கூடியவா பக்கத்துலதான் இருக்கா. போய்க் கேளுங்கோ," என்றாள். அப்புறம் திரும்பிப் பார்க்காமலே, "கேக்கறதுக்கு முன்னால சொல்ல வேண்டியதச் சொல்லுங்கோ," என்றாள்.

அது ஞாயிற்றுக்கிழமை, உசின் விடுமுறை. காவடி முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. அவள் வீட்டுக்குப் போனேன். அவர்கள் குசினி என்கிற சமையலறையின் வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து முந்தானையை இழுத்துவிட்டுக்கொள்வதுபோல ஸ்வெட்டரின் கையை இழுத்துவிட்டுக்கொண்டாள். வெயில் கொளுத்துகிற மாசத்தில் ஸ்வெட்டர் எதற்கு என்று தோன்றியது, கேட்கவில்லை.

எனக்குத் தெரிந்த கிரியோலையும் அவளுக்குத் தெரிந்த தமிழையும் சேர்த்து எல்லாவற்றையும் சொன்னேன். நெய்யைச் சொன்னேன். நமஸ்காரம் நமஸ்காரமே இல்லை என்று சொன்னேன். இரண்டாவது தடவை அவன் விழுந்ததற்கு முழுக்க நான்தான் காரணம், முதல் தடவையிலும் என் வடைக்குப் பங்கு உண்டு என்றேன். வாசலில் உன்னைப் பேசியது தப்பு என்றேன்.

அவள் கீரையை ஒரு பக்கம் ஒதுக்கி வைத்தாள்.

"எத்தனை நாளாத் தெரியும், சாமி?"

"காவடி அன்னிலேருந்து."

"மூணு வாரம்," என்றாள்.

"ஆமாம்."

ஸ்வெட்டர் கையைச் சுருட்டி மேலே ஏற்றினாள். மணிக்கட்டில் காப்பு இருந்தது. நான் கட்டிய மஞ்சள் நூல். மிஷின் எண்ணெய் பட்டுக் கறுத்து, சாயம் ஏறி, தோலோடு தோலாக ஒட்டிக் கிடந்தது.

"எல்லாரும் காரேம் உடைச்சாங்க. நான் உடைக்கல. என் கைதானே டேய்க்குப் பா பொன். இந்தக் கை கெட்டது. அது நல்லாகிற வரைக்கும் கறி மீன் நானும் சாப்பிடல, வீட்டுலயும் சமைக்கல. புருஷன் ஹோட்டல்ல சாப்பிட்டுக்கறாரு."

காவடி முடிந்து நான் காப்பு அவிழ்த்தபோது ஒரு கை குறைந்ததை நான் பார்க்கவில்லை. இருநூறு பேரில் ஒருத்தி வரவில்லை என்பது குருக்களின் கண்ணில் பட்டிருக்க வேண்டும். கோழியைப் பற்றிக் கேட்க வந்ததே மறந்துபோய் நின்றேன். என் மனைவிதான் மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து குரல் கொடுத்து, வைத்தியர் சொன்னதைச் சொன்னாள்.

அவள் கையை என் பக்கம் நீட்டினாள்.

"இத அவுத்துடுங்க. கையில இது இருக்கும்போது நான் கோழியத் தொட முடியாது."

முடிச்சு இறுகிப்போயிருந்தது. நகத்தால் நெம்பினேன், வரவில்லை. கத்தரிக்கோல் எடுத்து வருகிறேன் என்றாள், வேண்டாம் என்றேன். குசினிப் படியில் அவள் எதிரில் உட்கார்ந்து, தண்ணீர் தொட்டுத் தொட்டு, ஒவ்வொரு இழையாகப் பிரித்தேன். அவிழ்க்கும்போது சொல்ல வேண்டிய மந்திரம் இருக்கிறது. அதற்குப் பதிலாக என்னை மன்னித்துவிடு என்றுதான் வந்தது. தமிழில் சொன்னேன். அவளுக்கு அந்த வார்த்தை தெரியுமோ தெரியாதோ.

நூல் கழன்றதும் மணிக்கட்டைத் தடவிக்கொண்டே சொன்னாள், "கோழி நான் செய்யறேன். ஆனா பகல்ல நான் உசின்ல இருப்பேன். நீங்கதான் கொடுக்கணும். இலையில வெச்சுத் தள்ளக்கூடாது, சாமி. கையால கொடுக்கணும்."

சரி என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

மறுநாள் காலை பஸ் வருவதற்கு முன் மதில்மேல் ஒரு சின்ன டப்பாவை வைத்துவிட்டுப் போனாள். உச்சிக்கால பூஜை முடித்து, நடை சாத்தி, மடி வேட்டியை மாற்றிக்கொண்டு பின்வாசல் கல்லில் உட்கார்ந்தேன். அவன் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தான். டப்பாவைத் திறந்ததும் வந்த வாசனையில் எனக்குக் குமட்டியது. ஐந்து துண்டு, மரச்சீவல் மாதிரி காய்ந்து சுருண்டிருந்தன. பிறந்ததிலிருந்து என் விரல் மாமிசத்தைத் தொட்டது கிடையாது. சுத்தமான இந்த விரலால்தான் அவனுக்கு நெய்யை ஊட்டினேன் என்று நினைத்துக்கொண்டேன். முதல் துண்டை எடுத்து நீட்டினேன்.

வாங்கிக்கொண்டான். மெல்லவே இல்லை, அப்படியே விழுங்கினான். இரண்டாவதை மென்றான். மூன்றாவதுக்கு வால் தரையைக் கூட்டியது. ஐந்தும் முடிந்தபிறகு என் விரலிடுக்கெல்லாம் நக்கிவிட்டு, மதிலை ஒரு பார்வை பார்த்தான். தாண்டப்போகிறான் என்று பிடிக்க எழுந்தேன். அவன் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கல் நிழலில் படுத்துக்கொண்டான். நான் போய்க் கிணற்றடியில் தலைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டேன். சோப்புப் போட்டு, புளி போட்டுத் தேய்த்தும் விரலில் அந்த வாசனை மிச்சம் இருந்தது. அதற்குப் பிறகு வருஷக்கணக்கில் தினமும் அப்படித்தான். அந்த நோய் அவனுக்கு மூன்றாவது தடவை வரவே இல்லை.

கோழி கொடுத்த அந்த முதல் நாள் மாலை சாயரட்சை நேரத்தில் உசின் பஸ் வந்து நின்ற சத்தம் கேட்டது. காவடிக்குப் பிறகு அவள் கோயிலுக்குள் கால் வைத்ததில்லை. அன்றும் வெளிவாசலிலேயே நின்றாள்.

"சாப்ட்டானா?"

"அஞ்சும் சாப்பிட்டான்."

"கையாலயா?"

"கையாலதான்."

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். மற்றவர்களோடு வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் வலது கையை நீட்டினாள். அந்த விரல்களாலேயே விபூதியை எடுத்து அவள் கையில் போட்டேன். அவள் நெற்றியில் இட்டுக்கொண்டு, மிச்சத்தைக் கீழே சிந்தாமல் கைக்குள் மடக்கிக்கொண்டு, நாயைப் பார்க்கப் பின்வாசலுக்குப் போனாள்.